தோளுக்கு ஒரு சைக்கிள்

ஓட்டுவதற்கு எவ்வளவு தோதோ, அதே அளவு தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் தோதாக ஒரு சைக்கிள் செய்து, அதற்கு உலகப் போட்டியும் வைத்து, கொட்டுகிற மழையில் ஜனங்கள் டிக்கெட் வாங்கி நின்று பார்க்கிறார்கள். பெல்ஜியத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் யாராவது இதைச் சொல்லியிருந்தால், பேசுவது ஆள் இல்லை, உள்ளே போன பீர் என்று நினைத்திருப்பேன். இப்போது அப்படியொரு சைக்கிள் கெண்ட் நகரத்தில் என் வீட்டு நடையில் சாய்ந்து நின்று, வந்துபோகிற விருந்தாளிகளின் பேண்ட்டில் கறுப்பு மை தடவி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

விளையாட்டின் பெயர் சைக்ளோகிராஸ். செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை, அதாவது புத்தியுள்ள மனிதன் வெளியே தலைகாட்டாத மாதங்களில் நடக்கும். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் சுற்றுப்பாதை. சேறு, மணல், மரவேர், படிக்கட்டு எல்லாம் உண்டு. போதாதென்று நாற்பது சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகைகளைக் குறுக்கே நட்டுவைப்பார்கள். ஓட்ட முடிகிற இடத்தில் ஓட்டலாம். முடியாத இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். தானியேல் கூஸோ என்ற பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் 1902இல் பிரான்சின் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். முதல் உலகப் போட்டி 1950இல் பாரிஸில் நடந்தது. 1947இல் டூர் த பிரான்ஸ் வென்ற ழான் ரோபிக்தான் அதையும் வென்றார். சேறு எங்களிடம்தான் அதிகம் என்று பெல்ஜியக்காரர்கள் பிறகு அதைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள். எரிக் த விளாமிங்க் ஒருவரே ஏழு தடவை உலகப் பட்டத்தைத் தூக்கினார். கூடவே சைக்கிளையும்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் சைக்கிளை விட்டு இறங்குவதற்குக் காரணங்கள் வேறு. டைனமோ எரியாமல் டபுள்ஸ் போகும்போது எதிரே போலீஸ்காரர் தென்பட்டால் இறங்குவோம். கணக்கு வாத்தியார் வந்தால் இறங்குவோம். ஆளைப் பார்த்து "இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ" என்று சொன்ன தெருக்களும் இருந்தன. அது சிரிக்கிற கதை இல்லை. எப்படியானாலும் இறங்குகிறவன் ஒரு படி குறைந்தவன்தான். இங்கே இறங்குகிறவனுக்குக் கைதட்டுகிறார்கள், மணி ஆட்டுகிறார்கள். எனக்கு மனசு போனது அந்த இடத்தில்தான்.

புதுச் சைக்கிள் வாங்கியிருக்கலாம். கார்பன் சட்டம், டிஸ்க் பிரேக், விலையில் ஊர்ப் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். எனக்குப் பிடித்தது 'ஆலன்'. 1972இல் இத்தாலியில் லொடோவிகோ ஃபால்கோனி தொடங்கிய கம்பெனி. மற்றவர்கள் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் அலுமினியக் குழாய்களை மூட்டுகளில் திருகி, பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சேற்றில் ஓடியவர்கள் தோளில் பாதிக்குப் பாதி இந்த மாதிரிச் சட்டம்தான் தொங்கியது என்று இங்குள்ள பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். காரணம் எடை. தூக்குகிறவனுக்குத்தானே தெரியும் பாரம்!

இதை அம்மாவுக்குப் போனில் விளக்கினேன்.

"ஏண்டா, இங்க ஒங்கப்பா சைக்கிள ஈயம் பித்தளைக்காரன்கிட்ட போட்டப்ப வாயத் தெறக்கல. கடல் தாண்டிப் போயி பழைய சைக்கிள் வாங்குறியா? அதுவும் பசை போட்டு ஒட்டினதா?"

விற்றவர் ஔடெனார்ட பக்கத்தில், கொப்பன்பெர்க் மேட்டின் அடிவாரத்தில் குடியிருந்தார். சைக்கிள் உலகத்தில் அந்த மேடு ஒரு கோயில். கருங்கல் பாவிய ஒற்றையடிச் சாலை. செங்குத்தான இடத்தில் சரிவு 22 சதவீதம். 1987 ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் யெஸ்பர் ஸ்கிபி என்ற டென்மார்க்காரர் முன்னணியில் ஏறியவர் இங்கே சாய்ந்து விழுந்தார். பின்னால் வந்த பந்தய அதிகாரியின் கார் நிற்காமல் அவருடைய சைக்கிள் மேலேயே ஏறிப் போனது. அதற்குப் பிறகு 2002 வரை பந்தயத்தை அந்த வழியில் விடவில்லை. பேர்பெற்ற வீரர்களே இறங்கித் தள்ளிய மேடு அது. இப்போது வருஷாவருஷம் நவம்பர் 1 அன்று அங்கே சைக்ளோகிராஸ் நடக்கிறது. கல்லறைத் திருவிழா நேரம் வேறு, பொருத்தம்தான்.

பெரியவர் கொட்டகையைத் திறந்து துணியை விலக்கினார். தங்க நிறக் குழாய்கள், வெள்ளி நிற மூட்டுகள். சாயம் அடித்த தங்கம் இல்லை. மின்சாரம் பாய்ச்சி உலோகத்தின் மேல்தோலிலேயே நிறத்தை ஏற்றியது. மூட்டுகளில் கம்பெனிப் பெயர் எழும்பி நின்றது. பிரேக் கேபிள் மேல்குழாயின் முதுகில் ஓடியது, தோளை அறுக்கக் கூடாது என்று. தண்ணீர்ப் பாட்டில் மாட்ட இடமில்லை, அதுவும் தோளுக்காகத்தான். பந்தயத்தில் ஒருத்தி சைக்கிள் குழாய்க்குள் மோட்டார் ஒளித்து 2016இல் உலகப் போட்டியில் பிடிபட்ட நாட்டுக்கு வந்திருக்கிறோமே என்று நானும் சீட்டுத் தண்டை உருவி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சிலந்தி இருந்தது.

"ஓட்டிப் பார்க்கலாமா?" என்றேன்.

"எதற்கு? தூக்கிப் பாருங்கள்" என்றார்.

தூக்கினேன். வலது கையைக் கீழ்க்குழாய்க்கு அடியில் கொடுத்து எழுப்பி, மேல்குழாயைத் தோளில் ஏற்றி, கையை முன்பக்கமாக வளைத்து ஹேண்டில்பாரின் இடது கொம்பைப் பிடிக்க வைத்தார். பின்னால் நின்று, தையற்காரர் தோள் அளவு பார்க்கிற கண்ணோடு பார்த்துவிட்டு, "சரியான சைஸ்" என்றார். சைக்கிளை மாட்டிப் பார்த்து வாங்கியவன் எங்கள் வம்சத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிறகு முன்சக்கரத்தை முழங்காலுக்கு இடையில் கவ்வி ஹேண்டில்பாரை முறுக்கி, காதை மூட்டருகே வைத்தார். பசை விட்டிருந்தால் முனகுமாம். முனகவில்லை.

முனகினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அன்றிரவு படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. நல்ல விஷயம். விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் பிற்பாடு அமெரிக்கர்கள் குழாயைப் பருமனாக்கி விறைப்பைக் கூட்டினார்கள். கேனண்டேல் கம்பெனியின் குண்டுக் குழாய்ச் சைக்கிள் 1983இல் வந்தது. ஆலன்காரர்கள் இரும்புச் சைக்கிளின் ஒல்லிக் குழாய் அளவையே வைத்துக்கொண்டதால் என் எடைக்குச் சட்டம் நெளிந்து கொடுக்கும். திருப்பத்தில் முன்சக்கரம் போய்ச் சேர்ந்த பிறகு பின்சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டு வரும்.

இன்னொன்று அயர்ச்சி. உலோகத்துக்கும் அயர்ச்சி உண்டு. இரும்பை ஒரு அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை ஆட்டினாலும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அலுமினியத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கல்யாணப் பந்தியில் தனக்கு இரண்டாவது அப்பளம் வைக்காததை நாற்பது வருஷம் கழித்து இன்னொரு கல்யாணத்தில் எடுத்துவைக்கும் பெரியப்பா மாதிரி, சின்னச் சின்ன ஆட்டத்தையும் உள்ளே வரவு வைத்துக்கொண்டே இருந்து, ஒருநாள் மூட்டில் விரிசலாக நீட்டும். என் சைக்கிளுக்குள் எண்பதுகளின் பெல்ஜியக் கருங்கல் அத்தனையும் பதிவாகி இருக்கிறது. அதனால் கிளம்பும் முன் துணியால் துடைத்து, சீட்டுக்கடி மூட்டையும் ஹேண்டில்பார் கழுத்து மூட்டையும் விளக்கடியில் நகத்தால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். பக்கத்து வீட்டம்மா இதைப் பூஜை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மறுக்கவில்லை.

டயர் தனிக் கூத்து. டியூபை உள்ளே வைத்துத் தைத்து மூடிய உருளை அது. ரிம்மில் பசை போட்டு ஒட்ட வேண்டும். ரிம்முக்கு ஒரு பூச்சு, டயருக்கு ஒரு பூச்சு, காயவிட்டு மறுபடி ஒரு பூச்சு. குளிர் காலமாதலால் ஜன்னலைத் திறக்க முடியாது. வீடு முழுக்க அந்த வாசனை.

"ஏங்க, சட்டமும் பசை, டயரும் பசை. இதுல சைக்கிள்னு தனியா என்னதான் இருக்கு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. பிரேக் இருக்கிறது என்று சொல்லலாம். கான்டிலீவர் பிரேக், சேறு அடைக்காமலிருக்க இருபுறமும் கைவிரித்து நிற்கும். கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொடும்படி லேசாகச் சாய்த்தால் அலறல் அடங்கும் என்பது தொழில் ரகசியம். சாய்த்தேன். அலறல் அரைச் சுருதி ஏறியது. வண்டியை நிறுத்துவதில்தான் அதற்கு அக்கறை போதாது. ஆனால் எதிரே வருகிறவர்கள் நின்றுவிடுகிறார்கள், கணக்கு சரியாகிவிடுகிறது.

பயிற்சி எடுத்தது பிளார்மேர்சன் பூங்காவின் புல்மேட்டில். ஓடுகிற சைக்கிளில் வலது காலைப் பின்னால் சுழற்றி எடுத்து, இடது காலுக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைத்து, முதல் அடியே ஓட்டமாக வைக்க வேண்டும். இங்கே பலருக்கு இதுதான் கஷ்டம். சீட்டு எட்டாத வயதில் அப்பாவின் கேரியர் சைக்கிளில் குறுக்கே கால் விட்டுக் குரங்கு பெடல் போட்ட கால்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஏறுவதுதான் வேறு ஜாதிப் பிரச்சினை. ஓடிக்கொண்டே தாவி, தொடையின் உட்பக்கத்தால் சீட்டில் விழுந்து சறுக்கி உட்கார வேண்டும். ஒரு அங்குலம் தவறினால் என்ன ஆகும் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

போன நவம்பரில் கொப்பன்பெர்க் போட்டி பார்க்கப் போயிருந்தபோது ஆலனையும் கூட்டிப்போனேன். பந்தயக்காரர்களுக்குச் சைக்கிள் ஒன்று போதாது. சேறு அப்பியதும் பாதையோரம் 'பிட்' என்று ஒதுக்கிய இடத்தில் மாற்றிக்கொண்டு போவார்கள். அழுக்குச் சைக்கிளை உதவியாளர் தண்ணீர்த் துப்பாக்கியால் கழுவி அடுத்த தடவைக்குத் தயாராக நிற்பார். பெரும்பாலும் அப்பாவோ மாமனாரோதான் அந்தத் துப்பாக்கியோடு நனைந்துகொண்டிருப்பார். வேலியோரம் நான் இதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னால், "ஆலனா?" என்று ஒரு குரல். எழுபது தாண்டியவர்; ரப்பர் பூட்ஸ், கையில் பீர். என் பதிலுக்குக் காத்திராமல் ஒற்றை விரலால் மேல்குழாயைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பீரை என் கையில் கொடுத்தார்.

"ஒரு நிமிடம்" என்றார்.

கார் நிறுத்தும் புல்வெளியில் சைக்கிளோடு நாலு எட்டு ஓடினார். தாவினார். தொடை, சறுக்கல், பெடல், எல்லாம் ஒரே அசைவு. முழங்கால் வலிக்கிற வயசில் இருக்கும் அந்த ஆள், நான் அதுவரை ஒருமுறைகூடச் செய்யாததை அங்கியும் பூட்ஸுமாகச் செய்துவிட்டு மரத்தடி வரை போய்த் திரும்பினார். வரும்போது பிரேக் பிடித்தார். அலறலில் வரிசையில் நின்ற பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நன்றாகக் கத்துகிறது. சரிசெய்துவிடாதீர்கள்" என்றார் என்னிடம். இறங்கவில்லை. இன்னொரு சுற்றுக்குக் கிளம்பிவிட்டார். கடைசியில் மயோனைஸ் போட்ட ஃபிரைஸ் ஒரு பெரிய பொட்டலம் வாங்கி நீட்டித்தான் என் சைக்கிளை மீட்க வேண்டியதாயிற்று.