பலர்பாலில் அடக்கம்

அனுப்புநர்: எஸ். இனிஷியலில் பட்டம் வாங்கி, ஆர். இனிஷியலில் ரேஷன் கார்டில் இருக்கும் ஒருத்தி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், முன்னாள் மாணவர் சங்கம். (கல்லூரியின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரியும்.)

பொருள்: முன்னாள் மாணவியருக்குத் தனிக் குழு தொடங்குதல் – தங்கள் ஆட்சேபம் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இருக்கும் நம் கல்லூரிப் பெண்கள் தனியாகக் கூட வேண்டிய அவசியமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காரணமும் இலக்கண சுத்தம்: 'மாணவர்' என்பது பலர்பால், பெண்களும் அதில் அடக்கம். தமிழாசிரியர் யாரையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். அடக்கம் என்ற சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. பணிவு ஒன்று. புதைப்பது இன்னொன்று. உங்கள் சங்கத்தில் நாங்கள் மூன்று விதமாகவும் அடக்கமாகத்தான் இருக்கிறோம்.

போன விழாவுக்கு நானும் வந்திருந்தேன். வாசலில் ஒரு மேசை. அதில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டு, ஒரு தட்டு நிறைய ரோஜா. மேசைக்குப் பின்னால் பட்டுப்புடவையில் என் வகுப்புத் தோழி. வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவள். அவளுடைய பிராக்டிகல் ரெக்கார்டைப் பார்த்து எழுதித் தேறியவர் மேடையில் மூன்றாவது நாற்காலியில் பொன்னாடைக்குக் காத்திருந்தார். "பன்னீர்ச் செம்பக் கையில எடுத்ததும் பிப்பெட் ஞாபகம் வந்துடுச்சுடி" என்றாள். எனக்கும் இரண்டு சொட்டு தெளித்தாள். அளவு பிசகவில்லை.

உள்ளே போனால் அறிவிப்புப் பலகையில் 'முகவரி தெரியாதோர் பட்டியல்'. ஏறக்குறைய எல்லாம் பெண்கள் பெயர். என் பெயரும் இருந்தது. அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டு நானே அதைப் படித்தேன். அழைப்பிதழ் அனுப்பியும் வரவில்லை, பெண்களுக்கு ஆர்வம் போதாது என்று அன்றைய ஆண்டறிக்கையில் வருத்தப்பட்டீர்கள். அழைப்பிதழ் போனது என் அப்பா வீட்டுக்கு. அப்பா காலமாகி, வீடு கைமாறி, இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது. ஆண்களை நீங்கள் தேடவே வேண்டியதில்லை. சாயங்காலம் சிதம்பரம் மேலவீதியில் ஒரு டீக்கடைக்குப் போனால் பாதி செயற்குழு அங்கேயே இருக்கும். எங்கள் செட்டோ நெய்வேலி, ஓசூர், திருச்சி, சிங்கப்பூர் என்று சிதறிப்போனது. போதாக்குறைக்கு ஆளுக்கு ஒரு புது இனிஷியல். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூரைப் புரட்டியபோது எங்கள் வீட்டுக் கூரையோடு குரூப் போட்டோவும் போய்விட்டது. அதன் பிறகு யாருக்கு எந்த முகம் என்று சொல்லவும் சாட்சி இல்லை.

உறுப்பினர் படிவத்தையும் வாங்கிப் பார்த்தேன். ஆணுக்குத் தந்தை பெயர்; பெண்ணாக இருந்தால் கணவர் பெயர், கணவர் தொழில், கணவர் கைபேசி எண். நிரப்பி முடித்தபோது என் வீட்டுக்காரர்தான் நம் கல்லூரியில் வேதியியல் படித்தவர் போல இருந்தார். அவர் படித்தது பாலிடெக்னிக்.

பெண்களுக்குத் தனிக் குழு என்பதே வெளிநாட்டு மோகம் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வெளிநாட்டையும் பார்த்துவிடுவோம். 1851-இல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், ஒரு பெண்கள் கல்லூரி மாணவியர் தங்களுக்கென்று ஒரு கழகம் அமைத்தார்கள். அந்த வகைக் கழகங்களுக்குப் பின்னாளில் சொராரிட்டி என்று பெயர் வந்தது. லத்தீனில் சொரோர் என்றால் உடன்பிறந்தாள். நம் ஹாஸ்டலில் சீனியரை அக்கா என்று கூப்பிட்டோமே, அதேதான். படித்து முடித்த பிறகும் ஊர் ஊராகக் கிளை வைத்து அவர்கள் கூடுகிறார்கள். எல்லாம் புனிதம் என்று சொல்ல வரவில்லை. வெள்ளைக்காரப் பெண்களின் கழகங்கள் கறுப்பினப் பெண்களை உள்ளே விடாத காலம் உண்டு. 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவியர் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்று தாங்களே ஒன்று தொடங்கினார்கள். பின்னாளில் அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் கமலா ஹாரிஸ். அவருடைய தாத்தா ஊர் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். 2020-இல் அவர் அமெரிக்கத் துணை அதிபர் தேர்தலில் நின்றபோது அவருக்காக அந்த ஊரில் பேனர் வைத்தோம், கோயிலில் பூஜை போட்டோம். எங்கள் ஊர்ப் பேத்தி என்றோம். அந்தப் பேத்திக்காக அமெரிக்காவில் ஓட்டுக் கேட்டவர்களில் அவருடைய கல்லூரி அக்காக்களும் தங்கைகளும் உண்டு.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் கடலூரிலேயே அஞ்சலையம்மாள் இருந்தார். 1927-இல் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லிச் சென்னையில் நடந்த போராட்டத்துக்குப் போய்ச் சிறை சென்றவர். 1937-இல் சட்டமன்றத்துக்கும் போனார். யாருடைய மகளிர் அணிக்கும் கோலம் போட்டதாகத் தெரியவில்லை.

உங்கள் சமரசத் திட்டமும் அந்த மகளிர் அணிதானே. பணி விவரம்: கோலம், குத்துவிளக்கு, இறைவணக்கம், 'பெண்கள் இல்லாமல் இவ்விழா இல்லை' என்ற நன்றியுரை வாக்கியத்துக்குக் கைதட்டல்.

முறைப்படி கூட்டம் நடத்த எங்களுக்குத் தெரியாது என்ற உங்கள் கவலை மட்டும் நியாயம். எங்கள் தெருவில் பூ விற்கும் அக்காவிடம் கேட்டேன். எட்டாவது வரை படித்தவர், சுய உதவிக் குழுவில் ஊக்குநர். 1989-இல் தர்மபுரியில் தொடங்கிப் பிறகு அன்றைய தென்னார்க்காட்டுக்கும் வந்த மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியில் முளைத்த குழு. தீர்மான நோட்டை விரித்துக் காட்டினார். தேதி, வந்தவர் கையெழுத்து, சேமிப்பு, கடன், திரும்பிய தவணை. "வராதவங்களுக்கு அபராதம் போடும்மா, அடுத்த வாரம் தன்னால வருவாங்க" என்றார். உங்கள் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை நான் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. அந்த அக்காவை உங்களிடமும் அனுப்பலாம்.

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்துக்கு 7 பேர் போதும். எங்கள் ஹாஸ்டல் அறையில் இருந்ததே 6 பேர். இட்லிப் பொடி கடன் கேட்டு வந்து விளக்கு அணைக்கும் வரை எழுந்து போகாத பக்கத்து அறைக்காரி ஏழாவது. பரங்கிப்பேட்டையில் அவளைக் கண்டுபிடித்துவிட்டோம். பொடி இன்னும் திரும்ப வரவில்லை.

ஆகவே உங்கள் அனுமதி கேட்டு நான் எழுதிய முந்தைய கடிதத்தை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். முதல் கூட்டம் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, என் வீட்டு மாடியில். சிதம்பரத்துக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கொத்சு கொண்டு வருகிறார்கள். இந்தக் கடிதத்தைப் பார்க்கும் தோழிகள், வகுப்பில் எந்தப் பெயருக்கு 'உள்ளேன் ஐயா' சொன்னார்களோ அந்தப் பெயரில், அந்த இனிஷியலில் வரவும்.

இப்படிக்கு,
முகவரி தெரியாதோரில் ஒருத்தி

பி.கு.: ஆண்டு விழா மட்டும் பொதுவில் வைக்கலாம் என்று இருக்கிறோம். வாசலில் பன்னீர் தெளிக்க இரண்டு ஆண்கள் தேவை. உங்கள் செயற்குழுவிலிருந்து அனுப்பி வைக்கவும். பட்டு வேட்டி நல்லது.