நைஸ்மித் விதிக்கு ஒரு புறனடை

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் ஒரு விதி வகுத்தார்: நடைக்கு மணிக்கு மூன்று மைல், ஏற்றம் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நடைபயணிகள் இன்றும் இதை வேதவாக்காகக் கொண்டு புறப்படுகிறார்கள். தாமதமாகவே போய்ச் சேருகிறார்கள். விதியில் வெயிலுக்கு இடம் வைக்காததே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். ஹாவொர்த்திலிருந்து ஸ்டான்பரி கிராமம் வழியாக டாப் விதென்ஸ் என்னும் பாழடைந்த பண்ணைவீடு வரை சுமார் ஆறு கிலோமீட்டர். ஏற்றம் 200 மீட்டர் போல. நைஸ்மித் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம். மழைநாளில் இது சரியாகவே வரும். குனிந்த தலை நிமிராமல், யாரோடும் பேசாமல் நடப்பார்கள்.

வெயில் அடித்தால் முதல் தடை முகமன். எதிரே வருபவர் "அருமையான வெயில்" என்பார். இது தகவல் அன்று. வானம் நம் தலைக்கு மேலும் இருக்கிறது. ஆனாலும் ஆமோதிக்க வேண்டும். உடனே "ரொம்ப நேரம் நிக்காது" என்று அவரே மறுப்பார். அதையும் ஆமோதிக்க வேண்டும். நாயோடு வந்தவர் எனில் நாயின் வயது, குணநலன் ஆகியவை தனி அதிகாரம்.

அடுத்தது சுவர். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கி, இரு முகத்தையும் நீளக்கற்களால் பிணைத்த சுவர்கள். ஆங்காங்கே இரு நெடுங்கற்களுக்கு நடுவே ஓர் இடுக்கு: ஆள் நுழையலாம், ஆடு நுழையக்கூடாது. முதுகுப்பை மாட்டிய ஆள் எந்த வகையில் சேர்வார் என்று கட்டியவர் யோசிக்கவில்லை. முழங்கால் போய்விடும், தொடை தயங்கும், பை மறுக்கும். பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பக்கவாட்டில் நகர்கையில் எதிர்ப்புறம் ஒரு கூட்டம் வந்துவிட்டால் "நீங்க முதல்ல" தொடங்கும். ஆடு அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருக்கும்.

சுவர்கள் முடிந்தால் மூர் எனப்படும் புதர்மேடு. ஆகஸ்டில் ஹெதர் பூத்து ஊதாவாகக் கிடக்கும். அங்கே வாழும் க்ரௌஸ் பறவையின் கத்தல் ஆங்கிலக் காதுக்கு "திரும்பிப் போ" என்று கேட்கும். 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்னும் இன்னொரு மேட்டில் நூற்றுக்கணக்கானோர் நுழைவுத் தடையை மீறி நடந்தபோது, அப்பறவைகளின் வேட்டைக் காவலர்கள் கட்சியும் அதுவே. சிலர் சிறை சென்றார்கள். திறந்த மேடுகளில் உலவும் உரிமையைத் தந்த சட்டம் 2000-இல்தான் வந்தது.

கடைசித் தடையான மழைச்சட்டையைச் சுருக்கிச் சொல்லலாம்: மேகம் வந்தால் போடுவது, போனால் கழற்றுவது. ஆக, புறனடை நூற்பா:

வெயில்வரின் ஒன்றரை மூன்றும் ஆகும்.

டாப் விதென்ஸில் விதியே முறிகிறது. எமிலி ப்ரான்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) நாவலோடு சேர்த்துப் பேசப்படும் இடம் இது. வழிகாட்டிப் பலகையில் ஜப்பானிய எழுத்துகூட உண்டு. வந்து சேர்ந்தால், சுவரில் ப்ரான்டே சங்கம் 1964-இல் பதித்த பலகை, இக்கட்டடம் முழுசாக இருந்தபோதும் நாவலில் வரும் வீட்டை ஒத்திருக்கவில்லை என்கிறது. அதைப் படித்ததும் யாரும் திரும்புவதில்லை. பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, சுவரோரம் சாய்ந்து சாண்ட்விச்சைப் பிரிக்கிறார்கள். இந்த நேரமும் நடையில் சேருமா என்பதில் ஆய்வாளருக்கும் கீழே காரில் காத்திருக்கும் அவர் துணைவியாருக்கும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.