நாக்காலி சௌக்கியமா?

ஏலே பேராண்டி, இங்க வா. முதுகு வலிக்குன்னு 18,000 ரூவாய்க்கு நாக்காலி வாங்குனியே, நாக்காலி சௌக்கியமா இருக்கா? உன் முதுகை நான் கேக்கல. அதான் ராத்திரி பூராம் தைலம் மணக்கே.

அதுல அத்தனை திருகு, அத்தனை பிடி. ஒண்ணையாவது திருகிப் பாத்தியா? கடைக்காரன் வச்ச ஒசரத்துலயே ஏறி உக்காந்திருக்கே. காலு ரெண்டும் உறியில கட்டுன பானை மாதிரி தொங்குது. ஆச்சியோட மணை அடுக்களையில சும்மாதானே கெடக்கு? எடுத்துக் காலுக்கடியில போடுலே.

நான் வீரவநல்லூர்ல 40 வருசம் தறி நெய்தவன். குழித்தறியில காலு குழிக்குள்ள மிதியில நிக்கும். துணி முழங்கை ஒசரத்துக்கு வரும். எவன் வந்து எங்களுக்கு எர்கோனாமிக்ஸ் படிச்சுக் குடுத்தான்? ஒசரம் தப்புனா அன்னைக்கு ராத்திரியே தோள்பட்டை சொல்லிரும். (எனக்கும் முழங்காலு போச்சுதான். அந்தக் கதையை ஆச்சிகிட்ட கேளு. இப்ப புத்தி சொல்லுதது நானு.)

உன் லேப்டாப்பு ஒட்டிப் பெறந்த ரெட்டைலா! திரையும் தட்டுத பலகையும் பிரியாது. கைக்குத் தோதா வச்சா கழுத்து குனியுது. கண்ணுக்கு நேரா ஒசத்துனா தோளு தூக்குது. தலை 5 கிலோ தேறும்லே, நல்ல பூசணிக்கா. அதை நாள் பூராம் முன்னால நீட்டிப் பிடிச்சா கழுத்து நோவாதா? அடியில தடிப் புஸ்தகமா நாலு வை. திரையோட மேல் விளிம்பு கண்ணுக்கு நேரா வரட்டும். கை நீட்டுத தூரத்துல இருக்கட்டும். தட்டுததுக்குத் தனியா ஒரு கீபோர்டு வாங்கிக்கோ. நீ படிச்ச இன்ஜினியரிங் புஸ்தகம் இதுக்காவது ஒதவட்டும்.

கண்ணு எரியுதுன்னு நீல வெளிச்சத்துக்குக் கண்ணாடி வேற! நிமிசத்துக்கு 15 தடவை சிமிட்டுத கண்ணு, திரையைப் பாத்தா பாதியாக் கொறைஞ்சிருது. காஞ்ச கண்ணு எரியாம குளுருமா? வெளிச்சம் நீலமா பச்சையான்னு ஆராயாம இமையை மூடித் தொற.

20 நிமிசத்துக்கு ஒருக்கா 20 அடி தள்ளி 20 செகண்டு பாக்கணும்னு நீதானே சொன்னே? எதுத்த வீட்டு முருங்கை அம்புட்டுத் தூரந்தான். அதைப் பாக்க ஒனக்குப் போன்ல மணியடிக்கு. மணியை அமத்தப் போனை எடுத்தே. எடுத்தவன் அதுலயே கெடக்கே. அதுக்குள்ள முருங்கை பூத்து, காச்சு, ஆச்சி பறிச்சுக் கொழம்பும் வச்சாச்சு. எந்திரிலே, ஆறுததுக்குள்ள வா.