அட்டைக் கிரீடமும் ராக்கெட்டும்

கேள்வி: அட்டை ராக்கெட், பலூன் பூதம் என்று எடுக்கும் சிக்கன விண்வெளி நகைச்சுவைப் படங்களில் அப்படி என்ன ருசி?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இதை உங்கள் மாவட்டத்துக்காரர் கேட்கலாமா? குலசை தசராவில் அட்டைக் கிரீடம் வைத்த காளி வேஷம் வாசலுக்கு வந்தால் கையெடுத்துக் கும்பிடுகிறோமே! செலவு குறையக் குறைய மீதியை மனசு நிரப்பிக்கொள்கிறது. 1963-இல் 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகமே போய் வந்தார். 1974-இல் 'டார்க் ஸ்டார்' படத்தில் கடற்கரையில் விளையாடும் பந்துதான் வேற்றுக்கிரகவாசி! இயக்குநர் கார்பென்டரோடு அதை எழுதிய டான் ஓபேனன், அந்தப் பந்துக் காட்சியையே திகிலாக்கி 'ஏலியன்' எழுதினார். அதே குலசையில், அதாவது குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோ ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. வேஷமும் ராக்கெட்டும் ஒரே ஊரில்! தசராக் குழுக்காரர்களே, படம் எடுங்கள். முதல் டிக்கெட் எனக்கு.