உருளைக்கிழங்கு நனையாமல் உயிரியல் லேப் முடிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரியில் நீங்கள் படிப்பது வரலாறாக இருக்கலாம், கணக்கியலாக இருக்கலாம், நாடகமாகக்கூட இருக்கலாம். பட்டம் கைக்கு வருமுன் ஓர் அறிவியல் பாடம், அதோடு ஒட்டிப் பிறந்த லேப் என்று பெரும்பாலான இடங்களில் தலையில் கட்டிவிடுவார்கள். வழக்கமாக 4 கிரெடிட். ஆன்லைனில் எடுத்தால் நோகாமல் முடித்துவிடலாம் என்று நம்பிச் சேர்ந்துவிட்டீர்கள். நல்ல காரியம். இனி நான் சொல்கிறபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள்.

1. தபாலில் வந்த லேப் கிட்டைத் திறக்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். கெடு ஞாயிறு இரவு 11:59 என்றால் ஒன்பது மணிக்குப் பெட்டியை வெளியே இழுங்கள். கையுறை, டிராப்பர், அயோடின், ஈஸ்ட் பாக்கெட் எல்லாம் இருக்கும். அடியில் ஒரு தாளும் இருக்கும்: ‘மாணவர் தாமே வாங்க வேண்டியவை.’ அதில் உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெர்ரி, முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்த ஆல்கஹால். கிழங்கை ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும். தெரியட்டும்.

2. பாதுகாப்புத் தேர்வில் கேள்வியைப் படிக்காதீர்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டிருந்தால், பச்சை டிக் விழும்வரை ஒவ்வொரு விடையாகத் தட்டிக்கொண்டே போங்கள். பாதுகாப்புக் கண்ணாடி ஃபோட்டோவுக்கு மட்டும். அடையாள அட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து ஒரு செல்ஃபி எடுத்ததும் கழற்றிவிடுங்கள். எப்படியும் ஆவி படிந்துவிடும்.

3. முதல் வாரம் மைக்ரோஸ்கோப். ஆங்கிலச் சின்ன ‘இ’ எழுத்து ஒட்டிய ஸ்லைடைத் திரையில் பார்த்து வரையச் சொல்வார்கள். பார்க்காமலே வரையுங்கள், ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்த எழுத்துதானே? நேராக, அழகாக, முத்து முத்தாக இருக்கட்டும். மைக்ரோஸ்கோப்பில் அது தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் தெரியும். அதைக் காட்டத்தான் அந்த லேப்பையே வைத்திருக்கிறார்கள் என்ற சங்கதி உங்களுக்கு எதற்கு?

4. அடுத்து வெங்காய வேர் நுனி. செல்கள் எந்தெந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். பெரும்பாலானவை இன்டர்ஃபேஸில், அதாவது பிரியாத கட்டத்தில், சும்மா கிடப்பதுபோல் தெரியும். செல் தன் காலத்தில் பெரும்பகுதியை அதில்தான் கழிக்கிறது. ஆனால் அப்படி எழுதினால் ஆசிரியர் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துவிடக்கூடும். ஐந்து கட்டம், நூறு செல், கட்டத்துக்கு இருபது. உங்கள் வெங்காயத்திலாவது சமத்துவம் நிலவட்டும்.

5. இப்போது உருளைக்கிழங்கு. இங்கேதான் பலர் அசட்டுத்தனமாகக் கிழங்கை நறுக்கிவிடுகிறார்கள்.

விஷயம் இதுதான். வெறும் தண்ணீரில் தொடங்கி, படிப்படியாகச் சர்க்கரை கூடிய கரைசல்களில் கிழங்குத் துண்டுகளைப் போட்டு, முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் துண்டு நீரை இழுத்துக் கனக்கும். அடர்ந்த கரைசலில் நீரை விட்டுத் துவண்டுபோகும். இடையில் எங்கோ எடை மாறாத ஓர் இடம் வரும். அதைப் பிடிக்க வேண்டும். செய்து பார்த்தால் என்ன ஆகும்? ஒரு துண்டில் தோல் ஒட்டியிருக்கும். ஒன்றை ஈரம் போகத் துடைத்திருப்பீர்கள், அடுத்ததை மறந்திருப்பீர்கள். புள்ளிகள் கோட்டில் நிற்காமல் சந்தைக்கு வந்த ஆடு மாதிரி நாலா பக்கமும் ஓடும்.

ஆகவே எக்செல்லில் முதலில் கோட்டைப் போடுங்கள். பிறகு கோட்டின்மேல் புள்ளிகளை உட்காரவையுங்கள். புள்ளியிலிருந்து எடையைக் கண்டுபிடியுங்கள். உங்கள் சமையலறைத் தராசு முழு கிராம்தான் காட்டும் என்றாலும், தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் கட்டாயம். அதுவும் முடியாவிட்டால் போன வருடம் இதே லேப்பை எடுத்த சீனியரிடம் கோப்பை வாங்குங்கள்.

“ஏண்டா, அந்தக் கிழங்கு லேப்புக்கா? பொரியல் பண்ணிடட்டுமா?” என்று அம்மா கேட்டால், “பண்ணிடும்மா” என்று சொல்லுங்கள். ஒரு வீட்டில் இரண்டு சோதனை வேண்டாம்.

6. மனசாட்சி உறுத்துகிறதா? மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டலை நினைத்துக்கொள்ளுங்கள். 1866இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 7,324 பட்டாணி விதைக் கணக்கு ஒன்று உண்டு: 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. விகிதம் 2.96க்கு 1. வர வேண்டிய மூன்றைத் தொடவில்லை, பாவம். அப்படியும் 1936இல் புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் மெண்டலின் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து, இவ்வளவு கச்சிதமாக அமையாதே என்றார். என்ன விடை வர வேண்டும் என்று தெரிந்த உதவியாளர் யாரோ கைவைத்திருக்கலாம் என்பது அவர் சந்தேகம். அப்படி ஒருவர் இருந்தாரோ இல்லையோ, அவர்தான் நம் குலதெய்வம். வணங்கிவிட்டு உங்கள் பட்டாணி லேப்புக்கு 3.00 என்று போடுங்கள்.

7. ஈஸ்ட் சோதனைக்குக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். வெதுவெதுப்பான நீரே போதும் என்று தாளில் இருக்கும். சூடு கூடினால் வேகமும் கூடும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். ஈஸ்ட் செத்துவிடும், பாட்டில் வாயில் மாட்டிய பலூன் எழும்பாது. செத்ததால்தான் எழும்பவில்லை என்று எழுதினால் மதிப்பெண்கூட வரலாம். அந்தத் தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். இணையத்தில் உப்பிய பலூன் படம் ஒன்றை எடுத்து ஒட்டுங்கள். படத்தில் பாட்டிலைப் பிடித்திருக்கும் கையில் சிவப்பு நகப்பூச்சு இருக்கிறதே என்று, மீசை வைத்த நீங்கள் கவலைப்பட வேண்டாம். சர்க்கரை போடாத இரண்டாவது பாட்டில் எங்கே என்று கேட்டால், வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, அதனால் படம் எடுக்கவில்லை என்று சொல்லுங்கள்.

8. ஸ்ட்ராபெர்ரியைத் தின்றுவிடுங்கள். அதன் செல்லில் குரோமோசோம்கள் எட்டுத் தொகுதிகளாக இருப்பதால் டி.என்.ஏ. தாராளமாகக் கிடைக்கும், அதனால்தான் அந்தப் பழம். ‘ஏன் ஸ்ட்ராபெர்ரி?’ என்ற கேள்விக்கு ‘சுவையானது’ என்று எழுதுங்கள். தின்றவர் சாட்சி.

9. அறிக்கையில் ‘பிழைகளுக்கான காரணங்கள்’ என்று ஒரு பகுதி வரும். ‘மனிதப் பிழை’ என்று இரண்டே சொல். எந்த மனிதர், என்ன பிழை என்று விளக்கப் போகாதீர்கள். மேலே ஒரு பிழையும் இல்லாத வரைபடம், கீழே பிழைக்குக் காரணம். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

10. செமஸ்டர் முடிந்ததும் எக்செல் கோப்பை அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சும்மா வேண்டாம், ஒரு பீட்சாவுக்காவது. கொடுக்கும்போது மூன்றாவது ஷீட்டின் அடியில் உள்ள பெயரை மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்குக் கொடுத்த சீனியர் அதைச் சொல்லவில்லை. நீங்களும் அப்படியே சமர்ப்பித்துவிட்டீர்கள்.