பூந்தொட்டிக்கு வந்த வாழ்வு

2010 செப்டம்பரில் ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 'ஃபைனல் ஃபேன்டசி 14' என்ற ஆன்லைன் விளையாட்டை வெளியிட்டது. அதில் மூலையில் சும்மா கிடந்தது ஒரு பூந்தொட்டி. வாள் ஏந்தும் வீரனை வரைய எத்தனை பாலிகன் (திரையில் உருவங்களைக் கட்டும் பலகோணத் துண்டு) பிடிக்குமோ, ஏறக்குறைய அத்தனையும் அந்தத் தொட்டிக்கும் செலவழித்திருந்தார்கள். கம்ப்யூட்டர்கள் மூச்சு வாங்கின. தொட்டி மட்டும் ஜம்மென்று இருந்தது.

விளையாட்டுக்குள் இருந்த சந்தைக்குப் போனால் இன்னும் விசேஷம். பொருளைத் தேடிப் பிடிக்கத் தொடக்கத்தில் வழியில்லை. ஆட்டக்காரர்களுக்காகப் பொருள் விற்கும் வேலையாட்கள் கூடம் நிறைய வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவராகக் கிளிக் செய்து, "உன்கிட்ட என்னப்பா இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டே போகவேண்டும்.

அதிகம் ஆடினால் தண்டனையும் இருந்தது. ஒரே தொழிலில் வாரத்துக்கு எட்டு மணி நேரம் தாண்டினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் குறையத் தொடங்கிவிடும். பந்தியில் உட்காரவைத்து, பாதிச் சாப்பாட்டில் இலையை உருவுகிற உபசாரம்! மாதச் சந்தா கேட்க நிறுவனத்துக்கே நா எழவில்லை. ஓராண்டுக்கும் மேல் கேட்காமலே விட்டது.

ஒட்டுப் போட்டுக் கட்டுப்படியாகாது என்று புதிய இயக்குநர் நவோக்கி யோஷிதாவுக்குப் புரிந்தது. 2012 நவம்பரில் கதைப்படி ஒரு நிலவையே வானத்திலிருந்து இறக்கி, அந்த உலகத்தைச் சாம்பலாக்கி, சர்வரை அணைத்தார்கள். பிழை திருத்தம் என்றால் இதுவல்லவோ பிழை திருத்தம்! 2013 ஆகஸ்டில் பிறந்த புது உலகம் இன்றும் செழிப்பாக ஓடுகிறது. அங்கே பூந்தொட்டி, பூந்தொட்டியாக மட்டுமே இருக்கிறது.