காரைக்குடியில் பனிப்பொழிவு

காரைக்குடியில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே குரங்குக் குல்லாய் வெளியே வந்துவிடும். ஆனாலும் டிசம்பர் பிறந்தால், மழலையர் வகுப்புச் சுவர்களில் மெடிக்கல் கடைப் பஞ்சால் பனிமனிதன் எழுந்து நிற்கிறான்.

குளிர்காலப் பாடத்துக்கு உலகெங்கும் ஆசிரியர்கள் எடுக்கும் படப்புத்தகம், ஜேன் பிரெட்டின் ‘தி மிட்டன்’ (1989). உக்ரைன் நாட்டுப்புறக் கதை. பாட்டி பின்னிய வெள்ளைக் கையுறை பனியில் விழுகிறது. விலங்குகள் ஒவ்வொன்றாய் உள்ளே புகுகின்றன. கரடி தும்ம, எல்லாம் சிதறுகின்றன. பிள்ளைகள் படங்களை வெட்டி வரிசையாக ஒட்ட வேண்டும், அடுத்து யார் வருவார் என்று ஊகிக்க வேண்டும். நல்ல பயிற்சிதான், குறை சொல்ல முடியாது. சிக்கல் கையுறையில். “சட்டி இறக்குற துணியா மிஸ்?” என்ற கேள்வியிலேயே பாதி பீரியடு போய்விடும்.

அந்தக் கதையில் வரும் முள்ளெலியை வெளிநாட்டுப் பிராணி என்று ஒதுக்கிவிடுவார்கள். தென்தமிழகத்தின் வறண்ட காடுகளில் அதற்கு உள்ளூர்ச் சொந்தம் உண்டு. ஆதார் இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பாட்டுக்கும் கதைக்கும் பஞ்சமில்லை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த ராயவரம், இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாட்டும் கதையுமாய் நடக்கிறது. அதற்குப் பஞ்சு வாங்க வேண்டியதில்லை.

பனி கொட்டும் நாடுகளின் பனி விடுமுறைக்கும் நம்மிடம் மாற்று உண்டு: வடகிழக்குப் பருவமழை. எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளையும், டிவியில் ஓடும் ‘சிவகங்கை மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற வரியைத் தட்டுத்தடங்கலின்றி வாசித்துவிடுகிறது.